எல்லாருக்கும் மூச்சு 20

நர்சிங் மாணவர்கள் எழுதிய, வெப்பநிலையும் நாடியும் மூச்சும் குறிக்கும் டி.பி.ஆர். சார்ட்டுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெப்பநிலை 98.6. நாடி 78, 80, 82 என்று கொஞ்சம் மாறும். மூச்சு மட்டும் முதல் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில்வரை நிமிடத்துக்கு 20. நிமோனியாவோடு படுத்திருக்கும் தாத்தாவுக்கும் 20, குடலிறக்க ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் பையனுக்கும் 20. யாரும் எண்ணவில்லை என்பது வார்டு சிஸ்டருக்கும் தெரியும், ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்கும் தெரியும்.

நர்சிங் முடித்தால் எங்கே போகலாம் என்று கேட்டால் எல்லாரும் ஒரு பட்டியல் சொல்வார்கள்: அரசு வேலை, எய்ம்ஸ், ராணுவம், வளைகுடா, லண்டன். பட்டியலில் தப்பில்லை. அதில் எது நமக்கு ஒத்துவரும் என்று தெரிந்துகொள்ளக் கிடைக்கும் இடம், வார்டு வார்டாகப் போய்ப் பயிற்சி எடுக்கும் போஸ்டிங் மட்டும்தான். அங்கே செய்யாததைச் செய்ததாக எழுதிக்கொண்டே நான்கு வருடம் ஓட்டிவிட்டால், நமக்கு எந்த வேலை கைவரும் என்பதே தெரியாமல் வெளியே வருவோம்.

முதலில் கணக்கு. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் மாற்றிய பாடத்திட்டப்படி பி.எஸ்சி. நர்சிங் எட்டு செமஸ்டர். கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப்: 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம், மொத்தம் 1056 மணி. பெரியவர்கள் வார்டுகளுக்கு 6 வாரம். சமுதாய நலம், குழந்தைகள், மனநலம், மகப்பேறு ஒவ்வொன்றுக்கும் 4 வாரம். வகுப்புக்கு 80 சதவீத வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். நோயாளிகளோடு செய்யும் பயிற்சியான கிளினிக்கலுக்கு அந்தச் சலுகை இல்லை. 100 சதவீதம் முடிக்காமல் பட்டம் கிடையாது.

மணிக்கணக்கு தாளில் சரியாகத்தான் இருக்கும். ஒரே மருத்துவமனைக்கு நாலைந்து கல்லூரிகள் வரும்போது ஒரு கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நிற்பதுதான் சிக்கல். காலை டியூட்டியில் ஊசி போட முண்டியடிப்பதைவிட, மாலை டியூட்டியும் இரவு டியூட்டியும் கேட்டு வாங்குவது நல்லது. அப்போது மாணவர் கூட்டம் இருக்காது, ஸ்டாஃப் நர்ஸுக்குக் கை தேவைப்படும், கேட்டால் சொல்லியும் தருவார். இன்னொன்று: ஐந்து நோயாளிகளைத் தொட்டுவிட்டு வருவதைவிட ஒருவரை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டை முதல் பக்கத்திலிருந்து படித்து, அவருக்குப் போகும் ஒவ்வொரு மருந்தும் ஏன் என்று எழுதிப் பார்த்தால், அவரை எப்படிப் பராமரிப்பது என்ற கேர் பிளான் தானாக வரும். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் வருவது சீனியரின் நோயாளிதான்.

மூச்சை எண்ணும் முறை எளிது. நாடி பார்த்து முடித்ததும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காமல் கண்ணை மட்டும் மார்புக்கோ வயிற்றுக்கோ திருப்ப வேண்டும். "மூச்சு எண்ணப் போறேம்மா" என்று சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். முழுதாக 60 விநாடி. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால், சீராக மூச்சு விடாதவரிடம் பிசகும். மருத்துவமனையில் இருப்பவர்களில் நமக்கு முக்கியமானவர்களே சீராக மூச்சு விடாதவர்கள்தான். பெரியவர்களுக்கு 12 முதல் 20, பிறந்த குழந்தைக்கு 30 முதல் 60. ஒருவர் நிலை மோசமாகப் போகிறது என்பதைப் பெரும்பாலும் முதலில் காட்டுவது மூச்சுதான். பி.பி. இறங்கும்போது ஏற்கெனவே தாமதமாகியிருக்கும்.

பி.பி.யில் நடக்கும் தவறு வேறு மாதிரி. வார்டில் ஒரே கஃப் (கையில் சுற்றிக் காற்றேற்றும் பட்டை) தான் இருக்கும். பருத்த கைக்குச் சின்ன கஃப் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். தளர்வாகச் சுற்றினாலும் அப்படித்தான். கை இதயத்தின் மட்டத்துக்குக் கீழே தொங்கினால் அதுவும் கூட்டும். படியேறி வந்த ஓ.பி. நோயாளியை ஐந்து நிமிடம் உட்கார வைக்காமல் பார்த்தால் வராத ரத்த அழுத்தம் வந்துவிடும். நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றேற்றி, நாடி மறைந்த இடத்துக்கு மேல் இன்னொரு 30 ஏற்றி, விநாடிக்கு 2 அல்லது 3 என்ற அளவில் இறக்க வேண்டும். சட்டென்று திறந்துவிட்டால் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முதல் சத்தம் நழுவிப்போகும்.

டிரிப்ஸ் கணக்கு வாய்மொழித் தேர்வான வைவாவில் எல்லாரும் சொல்வார்கள், வார்டில் பலர் கண்ணளவில்தான் விடுகிறார்கள். மில்லிலிட்டரை, பாட்டிலில் மாட்டும் டியூப் செட் மில்லிக்கு எத்தனை சொட்டு விடுமோ அந்த எண்ணிக்கையால் பெருக்கி நிமிடத்தால் வகுக்க வேண்டும். 500 மி.லி. 4 மணி நேரத்தில் போக வேண்டும், செட் மில்லிக்கு 20 சொட்டு என்றால், 10,000 வகுத்தல் 240. நிமிடத்துக்கு 42 சொட்டு. அதே பாட்டில் 15 சொட்டு செட்டில் 31. மைக்ரோ டிரிப் செட் என்றால் மில்லிக்கு 60 சொட்டு. அதில் மணிக்கு எத்தனை மி.லி.யோ அதுவே நிமிடத்துக்கான சொட்டு. அதனால் செட்டின் உறையைக் கிழித்து எறிவதற்கு முன் அதில் எத்தனை என்று போட்டிருக்கிறது என்று படிக்க வேண்டும்.

சரியாக வைத்துவிட்டுப் போனாலும், நோயாளி கையை மடக்கினால் நின்றுவிடும். பாத்ரூம் போய்விட்டுத் திரும்பும்போது அட்டெண்டர் டியூபில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் திறந்துவிட்டால் ஓடிவிடும். பாட்டிலில் ஒரு பிளாஸ்டர் துண்டை நெடுக்காக ஒட்டி, 10 மணிக்கு இங்கே, 11 மணிக்கு இங்கே என்று கோடு போட்டுவைத்தால் தூரத்திலிருந்தே தெரியும். பத்து, பதினைந்து நிமிடம் கழித்து ஒருமுறை மறுபடி எண்ணுங்கள். இதய நோயாளிக்கோ சிறுநீரக நோயாளிக்கோ ஓடிப்போன ஒரு பாட்டில் நுரையீரலில் போய்த் தேங்கும்.

டிரிப்ஸ் ஏற்றக் கையில் குத்திவைக்கும் வென்ஃப்ளான் ஊசியின் நிறங்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்: 16 சாம்பல், 18 பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள். எண் கூடக்கூட ஊசி மெலியும். ரத்தம் கொட்டும் நோயாளிக்கு நீலத்தைக் குத்திவிட்டு மூன்று பாட்டில் வேகமாக ஏற்ற முடியாது.

இன்சுலினுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக் குப்பியும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. 40க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கானது ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் வியர்த்துக் கொட்டி மயங்கிக் கிடப்பார்; காரணம் டிரேயில் கிடக்கும் சிரிஞ்ச். இதே வரிசையில் பொட்டாசியம் குளோரைடு. 10 மி.லி. ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கும். கலக்காமல் நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். மற்ற ஆம்பூல்களோடு ஒரே டிரேயில் அது கிடந்தால் மாணவராக இருந்தாலும் சிஸ்டரிடம் சொல்லுங்கள். திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

இனி, எந்த வார்டு நமக்கானது என்பது. பெரும்பாலும் நாம் பரபரப்பைப் பார்த்து முடிவெடுக்கிறோம். காஷுவால்டியில் சி.பி.ஆர். கொடுத்த நாளில் "நான் எமர்ஜென்சிதான்" என்று தோன்றும். ஆனால் எந்த வார்டிலும் வேலையின் பெரும்பகுதி பரபரப்பில்லாதது. அந்தப் பகுதியைப் பத்து வருடம் செய்ய முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஐ.சி.யு.வில் அந்தப் பகுதி மணிக்கொரு தடவை சார்ட் எழுதுவது, இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்கவைப்பது, வாய் சுத்தம் செய்வது, தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைத்திருப்பது, டியூபில் சளி உறிஞ்சுவது. உறிஞ்சும்போது ஒரு தடவைக்கு 15 விநாடி தாண்டக் கூடாது, அதற்கு முன் ஆக்சிஜன் கூட்டிவைக்க வேண்டும். அதோடு சிரிஞ்ச் பம்ப் கணக்கு. 60 கிலோ நோயாளிக்கு, பி.பி.யைத் தூக்கிப்பிடிக்கும் நார்அட்ரீனலின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்று எழுதியிருக்கிறார்கள், 4 மி.கி. மருந்தை 50 மி.லி.யில் கலந்திருக்கிறீர்கள். மில்லிக்கு 80 மைக்ரோகிராம். நிமிடத்துக்கு 6, மணிக்கு 360. 80ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மி.லி. இந்தக் கணக்கு பிடித்திருந்தால், பேசாத நோயாளியோடு பன்னிரண்டு மணி நேரம் இருப்பது அலுக்கவில்லை என்றால், ஐ.சி.யு. உங்களுக்கானது. பி.எஸ்சி. முடித்து தீவிர சிகிச்சையில் அனுபவம் சேர்த்தவர்களுக்கு நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டு வருட முதுகலைப் படிப்பும் இருக்கிறது.

குழந்தைகள் வார்டு கணக்கு வேறு. பத்து கிலோ குழந்தைக்கு காய்ச்சலுக்கு பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 150 மி.கி. 5 மி.லி.யில் 125 உள்ள சிரப்பில் அது 6 மி.லி.; 250 உள்ள சிரப்பில் 3 மி.லி.; மில்லிக்கு 100 உள்ள சொட்டு மருந்தில் 1.5 மி.லி. மூன்று பாட்டிலும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். "போன தடவை கொடுத்த அளவே கொடு" என்று வீட்டில் பாட்டி சொல்வார், பாட்டில் மாறியிருக்கும். டிஸ்சார்ஜின்போது அம்மாவிடம் இதைப் பாட்டிலைக் காட்டியே சொல்ல வேண்டும். இந்தப் பேச்சில் பொறுமை இல்லாதவர்களுக்கு அந்த வார்டு சரிப்படாது.

லேபர் வார்டுக்குப் போனால் பிரசவம் பார்த்த எண்ணிக்கையிலேயே குறியாக இருப்போம்; செய்ததை எண்ணிக் கையெழுத்து வாங்கும் லாக் புக் அப்படி. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியது பிரசவத்துக்கு முன்னும் பின்னும் இருக்கிறது. வலி வந்தபின் அரை மணிக்கொரு தடவை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு, பிரசவம் நகர்வதைக் குறிக்கும் பார்ட்டோகிராஃப் தாளில் புள்ளி வைப்பது. அது 110க்குக் கீழோ 160க்கு மேலோ போனால் உடனே சொல்வது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் தசையில். அதன்பின் இரண்டு மணி நேரம், 15 நிமிடத்துக்கொரு தடவை வயிற்றில் கை வைத்துக் கருப்பை கெட்டியாக இருக்கிறதா, பேடு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்ப்பது. எல்லாரும் குழந்தையைப் பார்க்கப் போய்விடும் நேரம் அது. தாய்மார்கள் ரத்தம் இழப்பதும் அந்த நேரத்தில்தான். குழந்தை பிறந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு ரெக்கார்ட் எழுதப் போகும் மாணவர் லேபர் வார்டு பார்க்கவே இல்லை என்றுதான் சொல்வேன். ஆண் மாணவர்களை உள்ளே விடத் தயங்கும் இடங்கள் இருக்கின்றன. அவர்கள் டியூட்டரிடம் முன்கூட்டியே பேசி, தாயின் சம்மதத்தோடு, பெண் ஸ்டாஃப் கூட இருக்கும்போது போக வேண்டும். பட்டம் அவர்களுக்கும் மகப்பேறு செவிலியர் பதிவோடுதான் வருகிறது.

மனநல போஸ்டிங்கைச் சுற்றுலா போல நினைப்பவர்கள் அதிகம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்து கதை சொல்வார்கள். அங்கே செய்ய வேண்டியது ஒருவரோடு தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி, பேச்சை அப்படியே எழுதிப் பார்ப்பது. "கவலைப்படாதீங்க, சரியாயிடும்" என்று எத்தனை முறை சொன்னோம் என்று அதில் தெரியும்.

சமுதாய நலப் போஸ்டிங்தான் மாணவர்கள் மிகக் குறைவாக மதிப்பது. பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடப்பது என்று அலுத்துக்கொள்வார்கள். பைக்கு ஒரு ஒழுங்கு உண்டு: வீட்டில் நியூஸ்பேப்பர் விரித்து அதன்மேல் பை, முதலில் கை கழுவும் சாமான் மட்டும் வெளியே, கை கழுவிய பிறகே மற்றவை, வேலை முடிந்து மறுபடி கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். கிராம சுகாதார நர்ஸோடு ஒரு வாரம் நடந்தால், கர்ப்பத்தை அரசிடம் பதியும் பிக்மி எண்ணிலிருந்து தடுப்பூசி நாள்வரை ஒரு கிராமம் முழுக்க ஒருவர் கையில் இருப்பது தெரியும். தடுப்பூசி நாளில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள்: பி.சி.ஜி.யும் தட்டம்மை-ரூபெல்லாவும் கலந்த நான்கு மணி நேரத்துக்குள் தீர வேண்டும், மீந்தால் கொட்ட வேண்டும். ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசிக் குப்பியை முறையாகக் குளிரில் வைத்தால் திறந்து 28 நாள்வரை பயன்படுத்தலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளர்களாக இருப்பவர்கள் நர்சிங் படித்தவர்கள்தான். மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் தானே முடிவெடுத்து வேலை செய்யப் பிடிக்கிறவர்களுக்கு அது நல்ல இடம். ஒப்பந்த வேலை என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வேலைக்கு வருவோம். படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்யாமல் எங்கும் நர்ஸாக நிற்க முடியாது. மாநில அரசு வேலை, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் தேர்வு வழியாக. தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்தவர்கள் இதில் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். தேர்வானவர்கள் முதலில் தொகுப்பூதியத்தில் சேர்வார்கள். நிரந்தரம் என்பது காலியிடத்தைப் பொறுத்தது; இரண்டு வருடம் என்று எண்ணிப் போய் அதைவிட அதிகம் காத்திருந்தவர்கள் நிறைய, அதற்காகப் போராட்டங்களும் நடந்திருக்கின்றன. வீட்டுக்கடன் வாங்கும் முன் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எய்ம்ஸுக்கு நார்செட் என்ற பொதுத் தேர்வு, 2020 முதல் நடக்கிறது. நர்சிங் ஆபீசர் அடிப்படைச் சம்பளம் 44,900. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். எய்ம்ஸ் இடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு. பி.எஸ்சி. முடித்தவர் அனுபவம் இல்லாமலே எழுதலாம், ஜி.என்.எம். டிப்ளமோ என்றால் 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். கேள்விகள் வார்டில் நின்றவர்களுக்குச் சாதகமானவை: எந்த நோயாளியை முதலில் பார்ப்பீர்கள், எந்த ஊசி எந்த இடத்தில் என்று வரும். ரயில்வேயும் இ.எஸ்.ஐ.யும் இதே பாடத்தைத்தான் கேட்கின்றன. உதவிப் பேராசிரியர் போன்ற ஆசிரியர் வேலைக்கு எம்.எஸ்சி. வேண்டும், பி.எஸ்சி. முடித்து ஒரு வருட அனுபவம் இல்லாமல் எம்.எஸ்சி.யில் சேர முடியாது.

முதல் தனியார் வேலையில் சம்பளம் குறைவாகவே இருக்கும். அதைவிட இரண்டு விஷயம் பாருங்கள்: எந்த யூனிட்டில் போடுவார்கள் என்று எழுதித் தருகிறார்களா, ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்கிறார்களா. ஒரிஜினலை வாங்கிப் பூட்டிவைக்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், அனுபவச் சான்றிதழில் படுக்கை எண்ணிக்கையும் வார்டு பெயரும் வர வேண்டும்.

வளைகுடாவுக்குப் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம், டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு, பிராமெட்ரிக் என்ற கணினித் தேர்வு. நர்ஸ்களை அனுப்பும் தமிழ்நாடு அரசு நிறுவனம் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன். பதிவு பெற்ற ஏஜென்ட் என்றாலும் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்; லட்சக்கணக்கில் கேட்பவர் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார். ஜெர்மனிக்கு மொழிதான் வாசல், பி2 நிலைவரை படிக்க வேண்டும். அதற்கு ஒரு வருடமாவது ஆகும். அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு: ஐந்து மணி நேரம், 85 முதல் 150 கேள்வி, 2023 ஏப்ரல் முதல் கேஸ் ஸ்டடி கேள்விகளும் உண்டு. தேர்ச்சி பெற்றாலும் இந்தியர்களுக்கான விசா வரிசை பல வருட நீளம்.

பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்றவற்றுக்கு 7, அல்லது மருத்துவத் துறைக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. அதன்பின் கணினித் தேர்வு, அங்கே போனபின் பத்து நிலையங்கள் கொண்ட ஓ.எஸ்.சி.இ. என்ற செய்முறைத் தேர்வு. இதில் பெரிய நோய்களைப் பற்றிக் கேட்பதைவிட, கை கழுவினாரா, நோயாளியின் பெயரைக் கேட்டுச் சரிபார்த்தாரா, ஒவ்வாமை கேட்டாரா, மூச்சை முழு நிமிடம் எண்ணினாரா என்றுதான் தேர்வாளர் பார்ப்பார். நான்கு வருடம் எண்ணாமல் 20 போட்ட கை, அங்கே அரை நிமிடத்தில் எடுத்துவிடும்.

கடைசியாகக் காகிதம். நம் ஊர் இனிஷியல் வெளிநாட்டில் பெரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து இன்னொரு பெயர், கவுன்சில் பதிவில் மூன்றாவது என்று இருந்தால் சரிபார்ப்பு மாதக்கணக்கில் நிற்கும். பாஸ்போர்ட்டை முதலில் எடுத்து, கவுன்சிலில் பதியும்போது அதே எழுத்துகளைப் போடுங்கள். அமெரிக்கச் சரிபார்ப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் கிளினிக்கல் என்று கல்லூரியே எழுதி முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். ஐந்து வருடம் கழித்துப் போனால் அந்த டியூட்டர் இருக்க மாட்டார், பதிவேடு எந்த பீரோவில் என்று அலுவலகத்துக்கும் தெரியாது. லாக் புக்கை ஒப்படைக்கும் முன், கையெழுத்துள்ள எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.